பெண்ணின் கையில் ஊசி

மும்மாதத்திற்கொருமுறை போடும் கர்ப்பத்தடை ஊசியை 2017-இல் ‘அந்தரா’ என்ற பெயரில் நமது சர்க்கார் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அம்மருந்தின் தோலடி ஊசியைப் பெண்கள் கற்றுத் தாமே போட்டுக்கொள்ளலாமென 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பருத்திக் காடுகளில் கூலிக்குச் செல்லும் 18, 19 வயது மணமகளுக்கு இது கிட்டுமாயின், ஆஸ்பத்திரிக்கு நடந்து ஒருநாட் கூலியை இழக்கவேண்டுவதில்லை.

ஆனால் 1985-இல் ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் வேறொரு தடையூசியின் விவரமறியாப் பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர்; மாதர் சங்கத்தார் 1986-இல் சுப்ரீம் கோர்ட்டை நாடினர். ஆதலின் ஊசி குத்தும் வித்தை மட்டும் போதாது. மாதவிடாய் பிறழும், எலும்பின் திண்மை குறையலாம், நிறுத்தியபின் கருத்தரிக்கத் தாமதமாகும் என்பவற்றையும் சொல்லவேண்டும். 2006-ஆம் வருஷச் சட்டம் விலக்கிய பால்ய விவாகத்திற்கு இவ்வூசி திரையாகலாகாது. தேச சுதந்திரம் பேசும் நாம், வேண்டுமென்பதும் வேண்டாமென்பதும் அவள் உரிமையே என முதலில் நம் வீடுகளில் ஒப்புவோமாக!