வயிரம் ஏறும் காலம்: நாராயணவனத்து மண்ணில் செம்மரம்

வெட்டப்படாமலே பல்லாண்டுகள் பால் தரும் ரப்பர் மரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழையை வேண்டுவதால், கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரங்களில் செழிக்கிறதேயன்றி நாராயணவனம் போன்ற வறண்ட ஊர்களுக்கு ஏற்றதன்று. திருப்பதி மாவட்டத்தின் இப்பகுதிக்கு உரிய மரம், தெலுங்கில் எர்ரசந்தனம் எனப்படும் செம்மரம் ஆகும். மரத்தையும் பயிரையும் ஒரே நிலத்தில் ஒன்றுக்கொன்று துணையாக வளர்க்கும் வேளாண்காட்டு முறையில் இம்மரத்திற்கு உரிய இடத்தை அளிப்பது, உழவருக்கும் காட்டிற்கும் ஒருங்கே நன்மை தரும்.

பெயரில் சந்தனம் இருப்பினும், செம்மரத்திற்கு மணமில்லை. பிற செடிகளின் வேர்களிலிருந்து உணவை உறிஞ்சும் சந்தன மரத்தைப் போலன்றி, இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைப்படுத்துகின்றன. சேஷாசலம், வெலிகொண்டா முதலிய மலைகளின் கல்லடர்ந்த சரிவுகளில் பழகிய மரமாதலால், இது வறட்சியைத் தாங்குமேயன்றி வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்காது. மரத்தின் நடுப்பகுதியில் ஆண்டுக்கணக்கில் இறுகிச் சேரும் கெட்டியான பகுதியே வயிரம் எனப்படுகிறது. சாண்டலின் என்னும் நிறமியால் சிவந்து, நீரில் அமிழும் அளவுக்குக் கனக்கும் இவ்வயிரத்திற்காகவே மரம் விலை பெறுகிறது. வயிரம் போதிய அளவு திரள இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம்.

இந்த நெடிய காத்திருப்பைத் தாங்கவல்லவராக உழவரை ஆக்குவதே வேளாண்காட்டின் பணி. வரப்போரத்திலோ அகன்ற இடைவெளியுள்ள வரிசைகளிலோ செம்மரத்தை நட்டு, நிழல் அடரும் வரை இடையில் நிலக்கடலை, துவரை, கொள்ளு ஆகியவற்றை விதைத்தால், ஆண்டு வருமானம் தடைபடுவதில்லை. மாந்தோப்பின் ஓரத்திலும் இதே மரத்தை வேலிவரிசையாக நிறுத்தலாம். ஆண்டுதோறும் உதிரும் இலை மூடாக்காகப் பரவி, மண்ணின் ஈரத்தைக் காத்து, மக்கி உரமாகிறது. வெட்டிய அடிக்கட்டையும் மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது.

காட்டில் நிகழ்ந்த கள்ளத்தனமான வெட்டினால் அருகிவந்த இம்மரம், 1995இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செம்மர வணிகத்தைப் பொறுத்தவரை இந்தியா 2004 முதல் அவ்வுடன்படிக்கையின் தனிக் கண்காணிப்பில் இருந்து, 2023 நவம்பரில் அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. எனினும், சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறையின் அனுமதி தேவைப்படுகிறது. ஆகவே, நட்ட நாளிலிருந்தே மரங்களின் பதிவை முறையாகப் பேணுவது உழவருக்கு இன்றியமையாதது.

வேங்கடவனுக்கும் பத்மாவதிக்கும் திருமணம் நிகழ்ந்த ஊர் என்று மரபு போற்றும் நாராயணவனத்தில் கல்யாண வேங்கடேசர் கோயில் உள்ளது. திருமணத்தோடு செம்மரத்திற்கும் தொடர்புண்டு: தமிழ் இல்லங்களில் திருமணச் சீராக வந்து நவராத்திரிக் கொலுவில் இணையாக நிற்கும் மரப்பாச்சிப் பொம்மைகளும் மரபாகச் செம்மரத்தில் கடைந்தவையே. மலையில் எஞ்சியுள்ள மரங்களின் மீது கோடரி விழாதிருக்க வேண்டுமாயின், அப்பொம்மைக்கும் பிற தேவைகளுக்கும் உரிய வயிரம் உழவரின் வரப்புகளில் விளைய வேண்டும்; அதற்கான கன்றுகள் ஒரு தலைமுறைக்கு முன்பே நடப்பட்டாக வேண்டும்.