ஆறு வருஷம் பால் கறந்த கையை மாடு மறந்துடுமா? கன்று ஈன்ற பசுவை நெருங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன மார்கழியில் ஒரு நாள், காலை ஆறரை மணி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமாவின் வாய்ஸ் மெசேஜ். "அம்மாயிய மயிலை முட்டிப்போடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிட்டிருக்கறோம்."

முதலில் நம்பவே முடியவில்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் அம்மாவின் அம்மாவை அம்மாயி என்போம். மயிலை, தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அவர் வளர்க்கும் காங்கேயம் பசு. ஆறு வருஷமாக அதில் பால் கறப்பது அம்மாயி மட்டும்தான். அவர் குரல் கேட்டாலே திரும்பிப் பார்க்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நானே அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். முந்தைய ஈத்துகளில் எல்லாம் மயிலை கொட்டகையில் கட்டியிருந்தது. இந்த முறை நாள் கணக்கு தப்பிவிட, ராத்திரியே கொறங்காட்டில் கன்று போட்டுவிட்டது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தைத்தான் கொறங்காடு என்போம். விடிகாலையில் போய்ப் பார்த்த அம்மாயி, பனியில் நனைந்து கிடந்த கன்றைக் கொட்டகைக்குக் கொண்டுபோகலாம் என்று தூக்கினார். பத்தடி நடந்திருப்பார். பின்னாலிருந்து முட்டு. இரண்டு விலா எலும்புகளும் மணிக்கட்டும் உடைந்தன.

"இந்த மாட்டை வித்துடலாம்" என்பது மாமாவின் முடிவு. வேண்டவே வேண்டாம் என்பது அம்மாயியின் பிடிவாதம். யார் சொல்வது சரி? அதைத் தெரிந்துகொள்ளத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

கன்று பிறந்ததும் பசுவுக்குள் என்ன நடக்குது?

பிரசவ நேரத்தில் பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்க வைப்பதும், பாலை இறக்குவதும், கன்றோடு தாயைப் பிணைப்பதும் இதே ஹார்மோன்தான். அதுவரை கண்டுகொள்ளாத பனிக்குட நீரின் வாசனை அந்த நேரத்தில் பசுவைச் சுண்டி இழுக்கும். உடனே கன்றை நக்க ஆரம்பிக்கும்.

இந்த நக்கலில் நிறைய வேலை நடக்கிறது. கன்றின் உடம்பு காய்கிறது, ரத்த ஓட்டம் தூண்டப்படுகிறது. அதோடு, அந்தக் கன்றுக்கே உரிய வாசனையும் தாயின் மூளையில் பதிகிறது. பிறந்த கையோடு சில நிமிஷங்கள் கன்றோடு இருந்தாலே போதும், 'இது என்னுது' என்று பசு முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கன்றைத் தொட வருவது எதுவாக இருந்தாலும் அதற்கு ஆபத்துதான்.

இது இன்று நேற்று வந்த குணம் இல்லை. மாடுகளின் காட்டு மூதாதைகள் ஓநாய், புலி போன்ற வேட்டை விலங்குகளிடமிருந்து கன்றைக் காப்பாற்றித்தான் பிழைத்தன. பல ஆயிரம் வருஷமாக நம்மோடு வாழ்ந்தும் அந்தப் பழக்கம் அழியவில்லை.

பழகின ஆளையுமா முட்டும்?

முட்டும். அம்மாயி மாதிரி பழகினவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அவர்கள்தான் எந்தப் பயமும் இல்லாமல் ரொம்பப் பக்கத்தில் போவார்கள். முட்டுற மாடு என்று பேர் வாங்கிய மாட்டிடம் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்போம். சாதுவான மாட்டிடம் கதவைத் திறந்து வைப்பதில்லை, துணைக்கு ஆள் கூப்பிடுவதில்லை, முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறோம்.

கன்று ஈன்ற முதல் சில நாள்கள் அந்தச் சாதுப் பசுவும் வேறு மாடு. மடி வீங்கி வலிக்கும், உடம்பு தளர்ந்திருக்கும், தூக்கம் இருக்காது. அந்த நேரத்தில் கன்று 'அம்மா' என்று ஒரு குரல் கத்தினால் போதும், உங்கள் ஆறு வருஷப் பழக்கம் எல்லாம் அந்த ஒரு நொடிக்கு எடுபடாது. வளர்ந்த பசு 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அது கோபத்தோடு முட்ட வேண்டும் என்றுகூட இல்லை. சுவரோடு சேர்த்து ஒரு முறை அழுத்தினாலே எலும்பு தாங்காது.

தலையீத்துப் பசுவிடம் கூடுதல் கவனம் வேண்டும். முதல் பிரசவம் என்பதால் என்ன நடக்கிறது என்றே அதற்குப் புரியாது. சில பசுக்கள் மிரண்டு போய் தன் கன்றையே உதைக்கும், முட்டும். போன ஈத்தில் அமைதியாக இருந்தது என்பதும் இந்த ஈத்துக்கு உத்தரவாதம் இல்லை.

எந்த வேலையில் ஆபத்து அதிகம்?

கன்றைத் தூக்குவது, இழுப்பது: அம்மாயி செய்தது. கன்று தாயின் கண்ணிலிருந்து மறையும் நொடிதான் மோசமானது.

தொப்புளுக்கு அயோடின் வைப்பது, சீம்பால் குடிக்க வைப்பது: இரண்டும் கட்டாயம் செய்ய வேண்டியவை. சீம்பாலை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் இரண்டுக்கும் கன்றைப் பிடித்து அமுக்க வேண்டும். அது கத்தும்.

ஊட்ட விட்டுக் கறப்பது: பால் இறங்கியதும் கன்றை மடியிலிருந்து இழுத்துக் கட்டுவோம் இல்லையா? அப்போது நம் தலை பசுவின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். மாடு பின்னால் மட்டும் உதைக்காது. காலை முன்னால் கொண்டு வந்து பக்கவாட்டிலும் வீசும்.

கன்று எங்கே என்று தெரியாமல் நடப்பது: மேய்ச்சல் காட்டில் பசு கன்றைப் புதர் ஓரத்தில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். கன்றும் சத்தமில்லாமல் கிடக்கும். தெரியாமலேயே தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நீங்கள் போய் நின்றுவிடலாம்.

நாயோடு போவது: மாட்டைப் பொறுத்தவரை நாயும் ஓநாயும் ஒன்றுதான். உங்கள் செல்ல நாய் பயந்து உங்கள் காலுக்குள் ஓடி வந்தால், மாடும் அங்கேதான் வரும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும்தானா?

இல்லை. விவசாயியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் பார்வையற்றவர். 2009-ல் தன் வழிகாட்டி நாயோடு நடைபயணம் போனபோது, கன்றோடு இருந்த பசு பாய்ந்து அவருடைய விலா எலும்பு உடைந்தது.

ஆஸ்திரியாவில் நடந்தது இன்னும் கொடுமை. 2014 ஜூலையில் டிரோல் மலைப்பகுதியில் நாயோடு நடந்து போன ஜெர்மன் பெண் ஒருவர், கன்றுகளோடு மேய்ந்த பசுக்கள் மிதித்ததில் இறந்துபோனார். வழக்கு பல வருஷம் நடந்தது. 2019-ல் கீழ் நீதிமன்றம் முழுப் பொறுப்பையும் மாட்டின் உரிமையாளர் மீது போட, நாடு முழுக்க விவசாயிகள் கொதித்துப் போனார்கள். கடைசியில் 2020-ல் உச்ச நீதிமன்றம் ஆளுக்குப் பாதிப் பொறுப்பு என்று முடித்தது. மாடு வைத்திருப்பவருக்கும் கடமை உண்டு, அதன் பக்கத்தில் போகிறவருக்கும் கடமை உண்டு என்பதுதான் அதன் அர்த்தம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய் ரீல்ஸ் எடுக்கிற நமக்கும் இது பொருந்தும். பிறந்த கன்றோடு போட்டோ வேண்டுமென்றால் வேலிக்கு வெளியே நின்று ஜூம் பண்ணுங்கள். குழந்தைகளை உள்ளே விடவே வேண்டாம்.

முட்டப் போகுதுன்னு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் பசு முன்கூட்டியே சொல்லும். நமக்குத்தான் அந்த மொழி படிக்கத் தெரிவதில்லை.

முதலில் மேய்வதையோ அசை போடுவதையோ நிறுத்தும். தலையைத் தூக்கி, காதை உங்கள் பக்கம் திருப்பி, கண் எடுக்காமல் பார்க்கும். அடுத்து, உங்களுக்கும் கன்றுக்கும் நடுவில் வந்து நிற்கும். பிறகு மூக்கால் சீறும், அடிக்குரலில் உறுமும். தலையைத் தாழ்த்தி ஆட்டுவதும் முன்னங்காலால் மண்ணைப் பறிப்பதும் கடைசி எச்சரிக்கை. முதல் அறிகுறி தெரிந்ததுமே நின்றுவிடுங்கள். அதன் மேல் கண்ணை வைத்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். சில மாடுகள் இந்தப் படிகள் எதுவும் இல்லாமல் நேராக வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, வேலையைப் பாதுகாப்பா எப்படிச் செய்யறது?

1. நாள் கணக்கு வையுங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். சினை ஊசி போட்ட தேதியைப் போனில் குறித்து வைத்து, கடைசி இரண்டு வாரம் வீட்டுக்குப் பக்கத்தில், தனி இடத்தில் வையுங்கள்.

2. தனியாகப் போகாதீர்கள். ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் பசுவை மட்டும் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கூடாது, போனும் கூடாது.

3. முதலில் தாய், பிறகு கன்று. பசுவைத் தலைக்கயிற்றில் கட்டிய பிறகே கன்றைத் தொடுங்கள். கட்ட முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். கேட், படல், மாட்டுவண்டி எதுவானாலும் சரி.

4. கன்று தாயின் கண்ணில் பட வேண்டும். முடிந்தால் மூக்குக்கு எட்டும் தூரத்திலேயே வேலையை முடியுங்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் கன்றைப் பசுவின் முன்னால் காட்டியபடி கொண்டு போங்கள். முதுகைக் காட்டி நடக்காதீர்கள்.

5. வெளியே போகும் வழி உங்கள் பக்கம் இருக்க வேண்டும். சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒருபோதும் போகக் கூடாது.

6. அவசரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கன்று எழுந்து, நடந்து, பால் குடிக்கிறதா? அப்படியானால் முதல் ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பதே பெரிய உதவி.

7. நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதீர்கள். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மாட்டுக்குப் புருசெல்லோசிஸ் நோய் இருந்தால், அதன் வழியாக மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் படுத்தும். கையுறை கட்டாயம். 12 மணி நேரமாகியும் கொடி விழாவிட்டால் நீங்களே இழுக்காதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962.

பாய்ந்து வந்துட்டா?

வேலி, மரம், வண்டி எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் பின்னால் போய்விடுங்கள். திறந்த வெளியில் மாட்டை ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. கன்று கையில் இருந்தால் உடனே கீழே விடுங்கள், பசுவுக்கு அதுதான் வேண்டும். நாய் இருந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். பிளங்கெட்டும் தன் நாயை அப்படித்தான் விட்டார். விழுந்துவிட்டால் தலையையும் கழுத்தையும் கையால் மூடிக்கொண்டு வேலிப் பக்கமாக உருளுங்கள்.

அடிபட்டால், 'ரத்தமே வரல, ஒண்ணும் ஆகல' என்று வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. வயிற்றில் விழுந்த முட்டில் கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. மயக்கம், மூச்சு வாங்குதல், வயிற்று வலி இருந்தால் உடனே 108. கொம்பு குத்திய காயத்தில் மஞ்சள், சாம்பல் எதையும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், டி.டி. ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோபமும் தாய்ப்பாசம்தானா?

இல்லை. கன்றைச் சட்டையே செய்யாமல், கண்டதையும் முட்டி, எச்சில் வடித்து, விடாமல் கத்தினால் அது வெறிநோயாக இருக்கலாம். ஈன்ற சில வாரங்களில் வரும் கீட்டோசிஸ் என்ற சத்துக்குறைபாட்டு நோயிலும் சில மாடுகள் மூர்க்கமாகும். இரண்டையும் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை வாய்க்குள் கை விடாதீர்கள், எச்சில் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற வளர்ப்பு விலங்குகளும் இப்படித்தான். எருமை, குட்டி போட்ட நாய், ஏன், அடைக்கோழிகூட குஞ்சுக்காகப் பருந்தை எதிர்க்கும். பண்ணையில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது தாய்ப்பன்றியிடம். குட்டி வீறிட்டால் அது கடிக்க வரும், கடி ஆழமாக இருக்கும். அதனால் குட்டிகளுக்கு ஊசி போடுவதையெல்லாம் தாய் நுழைய முடியாத தடுப்புக்குப் பின்னால் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

மயிலை என்ன ஆச்சு?

விற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் கட்டோடு இருந்த அம்மாயி என்னிடம் சொன்னது: "அது மேல தப்பில்ல கண்ணு. கன்னத் தூக்கீட்டு, அதுக்கு முதுகக் காட்டீட்டு நடந்தது நாந்தான்."

யார் சொல்வது சரி என்று கேட்டேன் இல்லையா? மாடு விஷயத்தில் அம்மாயி சரி. மயிலையை விற்றுவிட்டு வேறு பசு வாங்கியிருந்தாலும், அதுவும் கன்று போட்டால் இதைத்தான் செய்திருக்கும். ஆனால் மாமாவின் பயமும் நியாயம். 64 வயது அம்மா, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில், விடியாத நேரத்தில் தனியாகப் போயிருக்கக் கூடாது.

இப்போது கொட்டகையை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு இரும்பு கேட் போட்டிருக்கிறார் மாமா. மயிலை மறுபடியும் சினை. தேதி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்யப்பட்டிருக்கிறது. இந்த முறை கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதாக அம்மாயி ஒத்துக்கொண்டிருக்கிறார். மாமா மட்டும் அதை இன்னும் முழுசாக நம்பவில்லை.