ராதாநகர்க் கரையில் இரண்டு விடுதிகள்

ஹேவ்லாக் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2018 டிசம்பர் 30 அன்று சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட அந்தமான் தீவின் மேற்குப் பக்கத்தில், ராதாநகர் என்னும் ஒரே கடற்கரையை ஒட்டி, இரண்டு சொகுசு விடுதிகள் உள்ளன. அவற்றுள் மூத்தது பேர்ஃபுட் அட் ஹேவ்லாக். இளையது, டாட்டா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் 2018-இல் திறந்த தாஜ் எக்ஸோட்டிகா. இரண்டுக்கும் மணல் ஒன்று, கடல் ஒன்று, சூரியன் மறையும் திசையும் ஒன்று. இந்தியாவில் கடற்கரை எந்த விடுதிக்கும் சொந்தமாக முடியாது என்பதால், நாளுக்குச் சில ஆயிரம் ரூபாயில் தீவின் மறுபக்கத்தில் தங்கியவரும் ஆட்டோ பிடித்து வந்து அதே மணலில் உட்காரலாம். அப்படியிருக்க, இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனையும் ஒரு குடும்பம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பது, தோன்றும் அளவுக்கு எளிய கேள்வி அன்று.

நட்சத்திரக் குறி இதற்கு அதிகம் உதவுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலும் அதற்கு மேல் ‘ஐந்து நட்சத்திர டீலக்ஸ்’ என்றும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு வழங்கும் அந்தத் தகுதி, விடுதிகள் தாமே விண்ணப்பித்துப் பெறுவது. அறையின் பரப்பு, குளியலறை வசதி, உணவகங்களின் எண்ணிக்கை போன்றவற்றை அது அளக்குமே தவிர, ஒரு தீவில் தங்குவோருக்கு உண்மையில் தேவைப்படும் செய்திகளை, அதாவது படகு எத்தனை மணிக்கு வரும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரையில் நீந்த முடியுமா என்பவற்றை, அது சொல்வதில்லை.

சொகுசுத் தீவு என்றதும் பலர் நினைவுக்கு வரும் கிரேக்க நாட்டின் சாண்டோரினியில், தேர்வு தெளிவாகவே இரு பிரிவாக நிற்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பில் நடுப்பகுதி இடிந்து கடலுக்குள் இறங்கியதால், அத்தீவு பிறை வடிவில் மிஞ்சியது. இவ்வாறு இடிந்து உண்டான பெருங்குழியைப் புவியியலார் ‘கால்டெரா’ என்பர். அதன் செங்குத்தான விளிம்பில் இயா, ஃபிரா ஆகிய ஊர்களில் உள்ள விடுதிகளில் பெயர்பெற்ற கடற்காட்சி உண்டு, காலடியில் மணல் இல்லை. கிழக்குச் சரிவில் காமாரி, பெரிசா ஆகிய இடங்களில் கருமணல் கடற்கரை உண்டு, அந்தக் காட்சி இல்லை. ராதாநகரில் இந்த இழுபறிக்கு இடமில்லை. மேற்கு நோக்கிய வெண்மணல் கரை, பின்னால் உயர்ந்து நிற்கும் கடல் மகுவா மரங்கள், அவற்றின் நிழலில் விடுதி என மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன. 2004-இல் டைம் இதழ் இதனை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. 2020-இல், நீரின் தூய்மைக்கும் பராமரிப்புக்கும் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. காட்சியில் வேறுபாடு இல்லாதபோது, வேறுபாட்டை விடுதிகளின் இயல்பில்தான் தேட வேண்டும்.

தாஜ் எக்ஸோட்டிகா 46 ஏக்கர் பரப்பில், தூண்கள் மேல் உயர்த்திக் கட்டப்பட்ட 72 தனி வில்லாக்களையும் ஐம்பது மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளத்தையும் கொண்டது. வில்லாக்களின் வடிவம் ஜாரவா பழங்குடியினரின் குடிசைகளிலிருந்து பெறப்பட்டது என்று நிறுவனம் கூறுகிறது. பேர்ஃபுட் அதைவிட மிகச் சிறியது. ஓலைக்கூரையும் மரமும் மூங்கிலும் கொண்ட அதன் குடில்களுக்கு நிக்கோபாரி, அந்தமான் என்னும் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. அறையில் தொலைக்காட்சி இல்லாமையைக் குறையாகக் கருதாமல் தன் அடையாளமாகவே நெடுநாள் சொல்லிவந்த விடுதி அது. இரண்டுமே பழங்குடியினரிடமிருந்து எதையோ கடன் வாங்கியிருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஜாரவா மக்களின் காட்டுக்குள் வெளியார் நுழைவதைத் தடுக்கிறது. அவர்களைப் படம் எடுப்பதும் குற்றம். காண அனுமதியில்லாத மக்களின் வீட்டுச் சாயலில் குளிரூட்டப்பட்ட அறையில் தூங்குவது சட்டப்படி தவறில்லை என்றாலும், சற்று விசித்திரமானதுதான்.

பேர்ஃபுட் விடுதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மரம் வெட்டும் தொழிலுக்காக 1970-களில் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, தீவுக்குத் தீவு நீந்திச் செல்லப் பழக்கப்பட்ட ராஜன் என்ற யானை, 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் அத்தொழில் கட்டுப்படுத்தப்பட்ட பிறகு வேலையிழந்து, இறுதிக் காலத்தை இந்த விடுதியின் பராமரிப்பில் கழித்து, 2016-இல் 66 வயதில் இறந்தது. கடலில் நீந்தும் அந்த யானையின் படத்தைப் பார்த்தே பலர் அந்த விடுதிக்கு வந்தனர். இன்று ராஜன் இல்லை என்பதைப் பழைய படங்களை நம்பி முன்பதிவு செய்வோர் அறிந்திருப்பது நல்லது.

இனித் தண்ணீர். பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டிய தேவை குறைவு. 2007-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பின்னும் அப்பகுதியின் பல தெருக்கள் ஆழ்துளைக் கிணறுகளையும் டேங்கர் லாரிகளையுமே நம்பியிருந்தன. 2024 கோடையில் நகரின் சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக கர்நாடகத் துணை முதல்வர் டி. கே. சிவகுமார் அறிவித்தபோது, அதன் பொருளைக் குடத்தோடு நின்று உணர்ந்தவர்கள் அவர்கள். புதிதாக இணைந்த 110 கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. அத்தகைய ஊரிலிருந்து புறப்பட்டுச் செல்வோர், ஒரு தீவு விடுதியின் நீச்சல் குளத்தைக் காணும்போது, மற்றவர்கள் கேட்காத ஒரு கேள்வியை இயல்பாகவே கேட்பர்.

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெங்களூரில் பெய்வதைப்போல் மூன்று மடங்குக்கு அருகே. ஆயினும் அந்த மழையைத் தேக்கி வைக்கப் பேராறு எதுவும் இல்லை. பெயர் சொல்லத்தக்க ஆறு வடக்கு அந்தமானில் ஓடும் கல்போங் மட்டுமே. மேலும், மழை மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை பெய்து தீர்ந்துவிட, பயணிகள் பெரும் எண்ணிக்கையில் வருவதோ ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில். நீர் குறையும்போது குளிப்பவர் கூடுகிறார்கள் என்ற இந்த முரண், பெரும்பாலான சுற்றுலாத் தீவுகளுக்குப் பொதுவானது.

கடலோரத் தரையில் கிணறு வெட்டி எடுக்கலாமே என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. மணலுக்குள் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் கண்ணாடி வில்லையைப்போல் படிந்திருக்கிறது; இதனை நன்னீர் வில்லை என்பர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் இயலில் நன்கறியப்பட்ட கணக்கு. அதன் மறுபக்கம்தான் அச்சமூட்டுவது: மேலே ஒரு மீட்டர் குறைந்தால், கீழேயுள்ள உப்பு காலப்போக்கில் நாற்பது மீட்டர் மேலேறக்கூடும். ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் திரும்புவதில்லை. எஞ்சிய வழி கடல்நீரைக் குடிநீராக்குவது. சாண்டோரினி பெரிதும் அதையே நம்பியிருக்கிறது. மெல்லிய சவ்வு வழியே நீரை அதிக அழுத்தத்தில் செலுத்தி உப்பைப் பிரிக்கும் இம்முறைக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவை. அந்தமானில் மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. டீசல் கப்பலில் வருகிறது. ஆகவே அறைக் கட்டணத்தில் ஒரு பகுதி, வாளித் தண்ணீரின் விலைதான்.

இரு விடுதிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், அறைகளும் புல்வெளியும் குளமும் குறைவாக உள்ள சிறு விடுதி தீவின்மேல் ஏற்றும் சுமை இயல்பாகவே சிறிது. பெரிய நிறுவனத்துக்கோ மழைநீரைச் சேமிக்கவும் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தவும் தேவையான பணமும் பொறியாளர்களும் உண்டு. எது மேல் என்பதைச் சிறியது, பெரியது என்ற அளவை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. மார்ச் மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டால், தயங்காமல் பதில் சொல்லும் விடுதியே மேல்.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும். 20,000 ரூபாய் அறை 23,600 ஆகிவிடும். ஆழ்கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காண விரும்புவோருக்கு இரண்டுமே பொருத்தமில்லை, ஏனெனில் ராதாநகர்க் கரை மணற்பாங்கானது. அதற்கான பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் கிழக்கிலுள்ள கோவிந்த நகர், விஜய நகர்ப் பகுதிகளில் உள்ளன. 2010-இல் இத்தீவின் கடலில் அமெரிக்கப் பயணி ஒருவரை முதலை கொன்றதால், உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டுமே நீந்த வேண்டும் என்ற விதி எவ்வளவு விலையுயர்ந்த அறையில் தங்கியவருக்கும் பொருந்தும்.

பலர் கணக்கில் கொள்ளாதது சூரியன். அந்தமான் பெங்களூரிலிருந்து வெகுதூரம் கிழக்கே இருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுவதால், டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் அங்கே சூரியன் மறைந்துவிடுகிறது. பொம்மனஹள்ளியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நகரின் மறுகோடியில் உள்ளது. நெரிசலில் அந்தச் சாலைப் பயணமே விமானப் பயணத்தோடு போட்டி போடும். பிறகு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் இறங்கி, விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சென்று, ஜெட்டியிலிருந்து தீவைக் குறுக்காகக் கடந்தால்தான் ராதாநகர். கடைசிப் படகில் வருவோர் எந்த விடுதியானாலும், அந்திக்காட்சிக்குக் கொடுத்த முதல் நாள் பணத்தை இருட்டுக்குத்தான் கொடுத்திருப்பர்.

முதியோரும் சிறு குழந்தைகளும் உடன் வரும் குடும்பத்துக்கு, குளமும் கூடுதல் பணியாளர்களும் பரந்த அறைகளும் கொண்ட தாஜ் பொருந்தும். இருவராகச் சென்று, பேச்சும் நடையும் கடலும் போதும் என்போருக்கு அதற்கும் மேலான பணம் கொடுக்கத் தேவையில்லை, பேர்ஃபுட் போதும். எதில் தங்கினாலும், கடைசி இரவைத் தீவில் வைக்காமல் ஸ்ரீ விஜயபுரத்தில் வைப்பது நல்லது. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் படகுகள் நிறுத்தப்பட்டபோது, இந்தத் தீவிலும் அருகிலுள்ள நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போன்றவற்றின் உதவியோடுதான் கரை சேர்ந்தனர்.