பிலிம் கமரா: முதலிடுமுன் கவனிக்க வேண்டியவை

டிஜிட்டல் கமரா வந்தபின் பிலிம் கமராவின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். 2012 இல் கொடக் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஆனால் 2024 இல் பென்டாக்ஸ் புதிய பிலிம் கமராவொன்றைச் சந்தைக்கு விட்டது. எடுத்த படத்தைக் காணக் காத்திருப்பதையே இன்றைய இளைஞர் பலர் விரும்புகின்றனர்.

இவ்வியாபாரத்தில் இரு வகைகள் உண்டு. ஒன்று, ஒருமுறை மட்டும் பாவிக்கும் கமரா. புஜி இதனை 1986 இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. பெரும்பாலும் 27 படங்கள் எடுக்கலாம். பிலிம் உள்ளேயே இருப்பதால் காலாவதித் திகதியைப் பார்த்தே கொள்வனவு செய்யுங்கள். பாவித்து முடிந்ததையும் கடையில் பிரிக்க வேண்டாம். பிளாஷ் பகுதியில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் தேங்கியிருக்கக் கூடும்.

மற்றையது பழைய கமரா. லென்ஸில் பூஞ்சணம், பற்றரி அறையில் களிம்பு உண்டா எனப் பாருங்கள். ஷட்டரை இயக்கிப் பாருங்கள். பின்மூடி ஓரத்துப் பஞ்சு உக்கியிருந்தால் வெளிச்சம் புகுந்து பிலிம் பழுதாகும்.

ஒரு கமரா ஒருமுறைதான் விலைபோகும். பிலிமும் அதனைக் கழுவிக் கொடுப்பதுமே தொடர்ந்து வருமானம் தரும். ஆகவே, கழுவுவதற்கு நம்பகமான இடத்தை உறுதிசெய்த பின்னரே முதலிடுங்கள். பொருளின் குறையைச் சொல்லியே விற்றால் வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.