முட்டை மிதந்தால் எத்தனை மார்க்?

நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்புத் தண்ணீரில் ஏன் மிதக்கிறது? எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள்:

“முட்டை பருமனுக்கு நல்ல தண்ணி எடுத்தா, அதைவிட முட்டைதான் கனமா இருக்கும். அதனால முங்கிடும். அதே பருமனுக்கு உப்புத் தண்ணி எடுத்தா, தண்ணிதான் கனம். அதனால முட்டை மேல வந்துடும்.”

நீங்கள் எத்தனை போடுவீர்கள்?

முதல் ஆசிரியர் விடைக்குறிப்பைப் பார்க்கிறார். அதில் ‘அடர்த்தி’ என்ற சொல்லுக்கென்றே இரண்டு மதிப்பெண் இருக்கிறது. விடையில் அந்தச் சொல் எங்கும் இல்லை. 2 போடுகிறார். இரண்டாமவர் இயற்பியலில் ஊறியவர். ஆர்க்கிமிடீஸ் சொன்னதை இந்தப் பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே சொல்லிவிட்டதே என்று பூரித்துப்போய் 5 போடுகிறார். மூன்றாமவருக்குத் தேர்வுத்தாளில் ‘முங்கிடும்’ என்று எழுதுவது பொறுக்கவில்லை, 3. நான்காமவர் அவளுடைய வகுப்பாசிரியை. “வாய் ஓயாத பொண்ணு சார், யார்கிட்டயாவது கேட்டு எழுதியிருக்கும்” என்கிறார். இரண்டரை.

பக்கத்து பெஞ்சுப் பையன் எழுதியது இவ்வளவுதான்: “உப்பு நீரின் அடர்த்தி அதிகம். எனவே முட்டை மிதக்கிறது.” அவனுக்கு நால்வரும் நாலுக்குக் குறையாமல் போடுவார்கள் என்று பந்தயமே கட்டலாம். அடர்த்தி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியுமா என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை.

இது என் கற்பனை. ஆனால் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1912இல் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஆங்கிலத் தேர்வின் விடைத்தாள்கள் இரண்டை அப்படியே நகலெடுத்து, சுமார் 200 உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட்டிருந்தார், இன்னொருவர் 98. மற்றொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான், ஆளுக்கொரு ரசனை என்று பலரும் சமாதானம் சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஒரு வடிவியல் தாளை அனுப்பினார்கள். கணக்கில் ரசனைக்கு ஏது இடம்? 28 முதல் 95 வரை விழுந்தது. படிகளுக்கு எவ்வளவு, விடைக்கு எவ்வளவு, படம் கோணலாக இருந்தால் எவ்வளவு என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

மதிப்பெண் என்பது ஓர் அளவீடு. அளவீடு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், எடைக்கல்லிடமும் வெப்பமானியிடமும் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்டாக வேண்டும். தராசு இரண்டு விதமாகப் பொய் சொல்லும். ஒன்று, முள் ஆடும்; ஒரே கத்திரிக்காயை ஐந்து தடவை வைத்தால் ஐந்து எடை காட்டும். மற்றது, முள் ஆடாது, ஆனால் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். முதலாவதற்கு வைத்தியம் எளிது. பல தடவை நிறுத்து சராசரி எடுத்தால் போதும். நான்கு தடவை நிறுத்தால் ஆட்டம் பாதியாகும், பதினாறு தடவை நிறுத்தால் காலாகும். இது புள்ளியியல் விதி. இரண்டாவதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. சாய்ந்த தராசில் ஆயிரம் தடவை நிறுத்தாலும் அதே பொய்தான் வரும், இன்னும் உறுதியான குரலில்.

பொதுத்தேர்வு என்பது மூன்று மணி நேரம், ஒரே ஒரு நிறுவை. அன்று பிள்ளைக்குக் காய்ச்சலா, படிக்காமல் விட்ட பாடத்திலிருந்தே கேள்வி வந்ததா, எல்லாம் முள்ளை ஆட்டும். பள்ளியிலேயே நடக்கும் மதிப்பீட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆசிரியர் ஆண்டு முழுக்கப் பார்க்கிறார். சோதனைக்குழாயை எப்படிப் பிடிக்கிறாள், தவறைக் காட்டினால் திருத்திக்கொள்கிறாளா, எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வருகிறதா என்பதெல்லாம் எந்த வினாத்தாளுக்கும் எட்டாதவை. ஆட்டத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பார்ப்பது ஆண்டு முழுவதும் அதே கண்கள். சாய்வு இருந்தால் அது அப்படியே தங்கிவிடும். பொதுத்தேர்வின் நோய் ஆட்டம், பள்ளி மதிப்பீட்டின் நோய் சாய்வு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்ததால்தான் பல நாடுகளில் குழப்பமே வந்தது என்பது என் எண்ணம்.

சாய்வு என்றதும் லஞ்சம், சாதி, வேண்டியவர் வேண்டாதவர் என்று மனம் ஓடும். அவையும் உண்டு. ஆனால் நேர்மையான ஆசிரியரிடமும் சாய்வு இருக்கும் என்பதுதான் சுவாரசியமான செய்தி. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ஒன்றைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருப்பவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். ஒன்றில் நல்ல மதிப்பு வாங்கியவர் பெரும்பாலும் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பு வாங்கியிருந்தார். உடற்கட்டுக்கும் அறிவுக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்க வழியில்லை. ஓர் ஆளைப் பற்றி மனதில் பதிந்த ஒற்றைச் சித்திரம் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுகிறது. இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். முத்துமுத்தான கையெழுத்தும், அட்டை போட்ட ரிக்கார்டு நோட்டும், முதல் பெஞ்சும் சேர்ந்தால் ஒளிவட்டம் தானாக வந்துவிடும். நம் முட்டை மாணவிக்கு இரண்டரை போட்ட ஆசிரியையிடம் இருந்தது அந்த வட்டத்தின் இருண்ட பக்கம்.

காய்கறிக் கடைத் தராசுக்கு ஒரு வழி இருக்கிறது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து நியம எடையை வைத்துப் பார்த்து முத்திரை குத்துவார். ஆசிரியரின் தீர்ப்புக்கு நியம எடை எது?

பொதுத்தேர்வே நியம எடை என்றது ஹாங்காங். அங்கே 2012இல் தொடங்கிய பள்ளியிறுதித் தேர்வில் பல பாடங்களுக்குப் பள்ளி மதிப்பீடும் உண்டு. ஒரு பள்ளி தன் மாணவர்கள் எல்லோருக்கும் 20க்கு 18, 19 என்று அள்ளிப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மாணவர்கள் பொதுத்தேர்வில் நடுத்தரமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளியின் சராசரியைக் கீழே இறக்கிவிடுவார்கள். இறுக்கிப் போட்ட பள்ளிக்கு ஏற்றுவார்கள். மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் சரிசெய்வார்கள். பள்ளிக்குள் யார் முதல், யார் இரண்டாவது என்று ஆசிரியர் கொடுத்த வரிசையை மட்டும் தொடமாட்டார்கள். அழகான ஏற்பாடு: பிள்ளைகளை ஒப்பிடுவதில் ஆசிரியர் சொல்வதை நம்பு, பள்ளிகளை ஒப்பிடுவதில் நம்பாதே.

அந்தப் பொதுத்தேர்வே நடக்காமல் போனால்? 2020இல் கொரோனா வந்தபோது இங்கிலாந்து அதைப் பட்டறிந்தது. நம் பிளஸ் டூ போன்ற ஏ லெவல் தேர்வு ரத்தானது. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பட்டியல் அனுப்பியது: யாருக்கு என்ன கிரேடு கிடைத்திருக்கும், யார் யாருக்கு முன்னே. ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டிருப்பார்கள் என்று சந்தேகப்பட்ட தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவல், கணினிக்கு ஒரு சூத்திரம் கொடுத்தது. அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் அந்தப் பாடத்தில் என்னென்ன கிரேடுகள் வந்தனவோ, பெரும்பாலும் அவற்றையே நாற்காலிகளாகப் போட்டு, ஆசிரியர் தந்த வரிசைப்படி பிள்ளைகளை உட்காரவைப்பது. ஏழைப் பகுதிப் பள்ளி ஒன்றில் மூன்றாண்டாக யாருமே இயற்பியலில் உச்ச கிரேடு வாங்கவில்லை என்றால், இந்த ஆண்டு அங்கே ஒரு மேதையே படித்தாலும் அவளுக்கு அந்த நாற்காலி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு பாடத்தில் ஐந்து பேர், அதற்கும் குறைவு என்றால் சூத்திரம் தள்ளி நின்று ஆசிரியர் போட்டதையே ஏற்றுக்கொண்டது. அவ்வளவு சிறிய வகுப்புகள் அதிகம் இருப்பது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி முடிவுகள் வந்தன. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளில் ஏறக்குறைய 39 விழுக்காடு கீழே இறக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் பதாகைகளோடு லண்டன் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், 17ஆம் தேதி, அரசு பின்வாங்கி ஆசிரியர் கணிப்பையே ஏற்றுக்கொண்டது. கதை இதோடு முடிந்தால் ஆசிரியர்களுக்கு வெற்றி என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் முந்தைய ஆண்டு எல்லா முடிவுகளிலும் மேல் இரண்டு கிரேடுகளில் வந்தவை சுமார் 25 விழுக்காடு. ஆசிரியர் கணிப்பின்படி அது சுமார் 38 ஆகத் தாவியது. ஒரே ஆண்டில், அதுவும் பள்ளிகள் மூடிக்கிடந்த ஆண்டில், பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்களா என்ன? சூத்திரம் அநியாயம் செய்தது உண்மை. ஆசிரியர்கள் அள்ளிப் போட்டதும் உண்மை.

நம் ஊர் அடுத்த ஆண்டு வேறு வழியில் போனது. 2021இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று பிரித்தார்கள். அதாவது 70 விழுக்காடு ஏற்கெனவே எழுதி முடித்த பொதுத்தேர்வுகளிலிருந்து வந்தது. பிளஸ் டூ ஆசிரியரிடம் ‘இந்தப் பிள்ளை எப்படி?’ என்று அரசு பெரிதாக எதுவும் கேட்கவில்லை என்றுதான் இதற்குப் பொருள்.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு. யாருக்காவது எட்டு விழுந்துவிட்டால் சாருக்கு இவன்மேல் என்ன கோபமோ என்றுதான் வீட்டில் பேசுகிறோம். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து என்றால் அந்த எண் எதையும் அளக்கவில்லை. வகுப்பில் எல்லோருடைய உயரமும் ஆறடி என்று எழுதி வைப்பது போலத்தான். ஆசிரியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பக்கத்துப் பள்ளி பத்து போடும்போது இவர் நேர்மையாக ஏழு போட்டால், அடிபடுவது இவருடைய பிள்ளைகள். தனியாக ஒருவர் நேர்மையாக இருக்க முடியாத விளையாட்டு இது. 2012இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீடு நல்ல நோக்கம் கொண்டது. அதற்கு நாம் கொடுத்தது பதிவேடுகள். கட்டங்களை நிரப்புவதிலேயே மாலை கழிந்தால் பிள்ளையைக் கவனிப்பது எப்போது?

நியம எடைக்கு இன்னொரு விடை உண்டு: ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் நியம எடை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இந்த வழியில் போனது. வில்லியம் ராட்ஃபோர்டு தலைமையிலான குழு 1970இல் தந்த அறிக்கையை ஏற்று, 1972ஓடு பள்ளியிறுதிப் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள். சுமார் அரை நூற்றாண்டு அங்கே பாட மதிப்பெண்களுக்குப் பள்ளி மதிப்பீடுதான் எல்லாம். அந்தக் காலத்தில் படிப்படியாக உருவான முறை இது: பள்ளிகள் தம் மாணவர்களின் வேலைகளிலிருந்து மாதிரிக் கோப்புகளை அனுப்பும், வேறு பள்ளிகளின் ஆசிரியர்கள் அடங்கிய குழு அவற்றைப் படிக்கும், போட்ட தரத்துக்குச் சான்று கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் பள்ளியோடு பேசும். 2020இல் அங்கும் வெளித்தேர்வு திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் முழுதாக வரவில்லை. பெரும்பாலான பாடங்களில் கால் பங்கு, கணிதம், அறிவியலில் பாதி. மீதி இன்றும் பள்ளியின் கையில்.

அப்படிப்பட்ட குழுவில் என்ன நடக்கும்? நம் நால்வரையே ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைப்போம். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதே தீர்ப்பாகிவிடும். திருப்பிப் பார்த்தால் 2, 5, 3, இரண்டரை. “அடர்த்தியே இல்லையே சார்” என்கிறார் முதலாமவர். “அதே பருமனுக்குன்னு எழுதியிருக்கா பாருங்க. அடர்த்திங்கிறது வேற என்ன?” என்கிறார் இரண்டாமவர். சிறிது மௌனம். இந்தக் கேள்வி எதை அளக்க வந்தது, சொல்லையா, கருத்தையா என்று மூன்றாமவர் கேட்கிறார். விடைக்குறிப்பை எழுதியபோது யாரும் கேட்காத கேள்வி அது. கடைசியில் கருத்துக்கு நான்கு, கலைச்சொல்லுக்கு ஒன்று என்று குறிப்பை மாற்றுகிறார்கள். முட்டை மாணவிக்கு 4. பக்கத்து பெஞ்சுப் பையனின் தாளை எடுத்துத் திரும்பப் பார்க்கிறார்கள். அவனுக்கு இப்போது 2.

பேசிப் பேசித்தான் ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை. லூயி தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927இல் வகுத்த ஒப்பீட்டு முறையின் அடிப்படை இது: மனிதர்கள் தனியாக ஒன்றைப் பார்த்து எண் சொல்வதில் மோசம், இரண்டைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வதில் கெட்டி. ஒரு கல்லைத் தூக்கி எத்தனை கிராம் என்று கேட்டால் திணறுவோம், இரு கையிலும் ஒவ்வொரு கல்லைக் கொடுத்தால் எது கனம் என்று உடனே சொல்வோம். இதை வைத்து இன்று பிரிட்டனில் பல பள்ளிகள் கட்டுரைகளுக்குத் தரம் காண்கின்றன. ஆசிரியரின் திரையில் இரண்டு கட்டுரைகள் வரும், நல்லதைத் தொட்டால் அடுத்த ஜோடி. எண்ணே போடுவதில்லை. பல ஆசிரியர்களின் பல நூறு தீர்ப்புகளைக் கணினி கோத்து எல்லாக் கட்டுரைகளையும் ஓர் அளவுகோலில் நிறுத்திவிடும். யாருடைய தீர்ப்பு மற்றவர்களோடு ஒட்டாமல் போகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஆசிரியராக இருந்தால், இந்த வாரம் திருத்தப்போகும் தாள்களில் ஐந்தை எடுத்துப் பெயரை மறைத்து நகலெடுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று அதே பாடம் எடுக்கும் இன்னொருவருக்கு. தனித்தனியாகத் திருத்திவிட்டு மதிய இடைவேளையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். முட்டை விடையைப் போல ஒன்றாவது அதில் அகப்படும்.