காட்டுக்காக ஓடினால் காசு எப்படிச் சேர்கிறது?

லண்டன் மாரத்தானில் சில காண்டாமிருகங்களும் ஓடும். உள்ளே இருப்பது மனிதர்தான்; மேலே மாட்டியிருப்பது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள உடுப்பு. கேலிச்சித்திரக் கலைஞர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் ஒரு மேடை நாடகத்துக்காக வடிவமைத்தது. நாடகம் முடிந்த பிறகு, காண்டாமிருகங்களைக் காக்கும் ‘சேவ் தி ரைனோ’ அமைப்பைத் தொடங்கியவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. 1992இல் முதல்முறையாக அதை மாட்டிக்கொண்டு லண்டனில் 42 கிலோமீட்டர் ஓடினார்கள். 1994இல் அந்த உடுப்பு தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கே போனது. எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸும் அந்தப் பயணத்தில் இருந்தார். மலையை நோக்கிப் போகும் வழியில் அதை அணிந்து நடந்தார். திரண்ட தொகை சுமார் 1 லட்சம் பவுண்டு. அது கென்யாவின் பள்ளிகளுக்கும் தான்சானியாவில் கருப்புக் காண்டாமிருகப் பாதுகாப்புக்கும் போனது.

சரி, லண்டன் தெருவில் ஒருவர் வியர்த்துக் கொட்டினால் தான்சானியாவில் இருக்கும் காண்டாமிருகத்துக்கு எப்படிப் பணம் போகிறது?

காட்டைக் காக்கும் ஓர் அமைப்பு முன்பின் தெரியாதவர்களிடம் நன்கொடை கேட்டால் பெரும்பாலோர் நகர்ந்துவிடுவார்கள். அதையே கூட வேலை பார்ப்பவர் கேட்டால் கதை வேறு. அவர் ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து ஓடுவதையும், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு அலுவலகம் வருவதையும் பார்த்திருக்கிறோம். இவ்வளவு பாடுபடுகிறவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? கொடுப்பவர் கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை, அந்த முகத்துக்காகக் கொடுக்கிறார். அமைப்பின் குரல் ஒருபோதும் எட்டாத நூறு பேரை ஓடுகிறவர் எட்டிவிடுகிறார். ஆகவே இதில் அவருடைய உண்மையான வேலை ஓடுவதைவிடக் கேட்பதுதான் என்பேன். கூச்சப்படுகிறவர்களுக்கு 42 கிலோமீட்டரைவிட அதுவே கடினம்.

பிரிட்டனில் இதற்கு ஒரு முறையே உருவாகிவிட்டது. லண்டன் மாரத்தானில் ஓட விரும்புவோர் அதிகம், இடங்கள் குறைவு. தொண்டு அமைப்புகள் சில இடங்களைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. பொதுவாக 2,000 பவுண்டு அளவில் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்கிறவருக்கு அந்த இடம் கிடைக்கிறது. நன்கொடையாளர் வருமான வரி கட்டுபவராக இருந்து, அதற்கான ஒப்புதலும் கொடுத்தால், அவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித்துறையிடமிருந்து அந்த அமைப்புக்குக் கூடுதலாக வரும்.

எந்தக் காட்டுக்காக ஓடுகிறோமோ அந்தக் காட்டுக்குள்ளேயே ஓடும் போட்டியும் உண்டு. வட கென்யாவில் லேவா என்ற காப்பகம், ஏறத்தாழ 62,000 ஏக்கர். ஒரு காலத்தில் அது மாட்டுப் பண்ணை. 1970 வாக்கில் கென்யாவில் சுமார் 20,000 கருப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காக நடந்த வேட்டையில் 1980களில் அது சில நூறாகச் சுருங்கிவிட்டது. 1983இல் ஆனா மெர்ஸ் என்ற பெண்மணி, பண்ணையை நடத்திய கிரெய்க் குடும்பத்தோடு சேர்ந்து, ஒரு பகுதிக்கு வேலி போட்டுக் காண்டாமிருகங்களுக்கு ஒதுக்கினார். 1995இல் பண்ணை முழுவதும் காப்பகமானது. 2013இல் கென்யா மலையின் உலகப் பாரம்பரியப் பகுதியோடு யுனெஸ்கோ அதையும் சேர்த்தது. அருகிவரும் கிரேவி வரிக்குதிரைகளுக்கு உலகில் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடங்களில் லேவாவும் ஒன்று.

இங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து, பெரும்பாலும் ஜூன் கடைசியில், மாரத்தான் நடக்கிறது. நடத்துவது காப்பகமும் ‘டஸ்க்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பும். பாதை முழுக்க மண் சாலை. 21 கிலோமீட்டர் சுற்று ஒன்று. முழு மாரத்தான் ஓடுகிறவர் அதை இரண்டு முறை சுற்ற வேண்டும். விலங்குகளுக்கும் ஓடுகிறவர்களுக்கும் நடுவே வேலி கிடையாது. அதனால் ஓட்டம் தொடங்குமுன் ஹெலிகாப்டர் பறந்து பாதையருகே நிற்கும் யானை, காண்டாமிருகங்களை அப்பால் விலக்கும். வழிநெடுகத் துப்பாக்கியோடு வனக்காவலர்கள் நிற்பார்கள். சிங்கத்துக்குப் பயப்படுவதைவிட உயரத்துக்குப் பயப்படுவது நல்லது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் என்பதால், சமவெளியில் பழகிய நுரையீரலுக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். சில நாள் முன்னதாகவே போய்த் தங்கி, வழக்கத்தைவிட மெதுவாகத் தொடங்குவதே புத்திசாலித்தனம். நேரத்தைக் குறிவைத்து ஓடுகிற இடம் இது இல்லை.

திரண்ட பணத்தை என்ன செய்கிறார்கள்? பெரும்பகுதி படம் எடுத்துப் போட முடியாத காரியங்களுக்குப் போகிறது: காவலர் சம்பளம், ஜீப்புக்கு டீசல், வேலி பழுது, காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பள்ளிக்கூடம், மருத்துவமனை. பள்ளிக்கூடத்துக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பதுண்டு. தன் பிள்ளையின் படிப்பு அந்தக் காப்பகத்தால் நடக்கிறது என்றால், வேட்டைக்காரன் ஊருக்குள் வந்ததும் முதலில் தகவல் சொல்பவர் அந்தப் பிள்ளையின் அப்பாவாக இருப்பார்.

சம்பளம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020இல் தெரிந்தது. கொரோனாவால் சுற்றுலா நின்றது. ஆப்பிரிக்காவின் பல காப்பகங்கள் சுற்றுலா வருமானத்தை நம்பியே இருந்ததால் காவலர்களின் சம்பளத்தில் கைவைக்கும் நிலை வந்தது. அந்தச் சம்பளத்துக்கு நிதி திரட்ட, அந்த அக்டோபரில் ‘வைல்டுலைஃப் ரேஞ்சர் சேலஞ்ச்’ என்ற ஓட்டம் நடந்தது. இம்முறை ஓடியவர்கள் காவலர்களே. பல நாடுகளில் அவரவர் காட்டிலேயே, முதுகில் 22 கிலோ சுமையோடு 21 கிலோமீட்டர். ரோந்துக்குப் போகிறவர்களுக்குச் சுமை புதிதல்ல, ஓட்டம்தான் புதிது. மற்ற நாட்டவர்கள் அவரவர் ஊரில் ஓடி நிதி சேர்த்தார்கள். சேர்ந்த தொகைக்கு ஈடாக ‘ஷைன்பெர்க்’ நிவாரண நிதியும் பணம் போட்டது.

இதில் இறங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிளிமஞ்சாரோ மாதிரிப் பயணங்களில் இரண்டு வழி உண்டு. ஒன்றில் விமானம், வழிகாட்டி, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் நீங்களே செலவழிப்பீர்கள். திரட்டியது முழுக்கக் காட்டுக்குப் போகும். இன்னொன்றில் திரட்டிய பணத்திலிருந்தே உங்கள் பயணச் செலவும் கழியும். இரண்டாவது சட்டப்படி தவறல்ல. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த 500 ரூபாயில் எவ்வளவு உங்கள் டிக்கெட்டுக்குப் போகிறது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லச் சங்கடமாக இருந்தால் முதல் வழியே மேல். அதற்கும் வசதியில்லையா, உள்ளூரிலேயே ஓடுங்கள். 2020இல் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள்.

கேட்பதைச் சீக்கிரம் தொடங்குங்கள், ஓட்டம் முடிந்த அன்றே நிறுத்திவிடாதீர்கள். தருகிறேன் என்று வாயால் சொன்ன பலர், நீங்கள் முடித்தீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புவார்கள். முடித்த அன்று மாலையே, வலியோடு, ஒரு படத்தை அனுப்பி இன்னொரு முறை கேளுங்கள்.