அட்டவணையில் தெரிவதும் கணினி வைத்திருப்பதும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எங்களுக்குப் பைதன் மொழி பாடத்திட்டத்திலேயே உள்ளது. எனினும் கறுப்புத் திரையில் விடையை அச்சிட்டுக் காட்டுவதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். வீட்டிலுள்ளவர்களும் பயன்படுத்த வேண்டுமென்றால் பொத்தான்களும் அட்டவணைகளும் கொண்ட திரை வேண்டும். அந்த அட்டவணையில் தரவுகளைச் சேமிப்பது எப்படி, காட்டுவது எப்படி என்பதை எங்கள் வீட்டு உதாரணத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

எங்கள் குடும்பம் நயினாதீவைச் சேர்ந்தது. யாழ்ப்பாண நகரில் வாழ்ந்த எங்கள் உறவினர்கள், 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்கும் நீர்கொழும்புக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் எல்லாம் உம்மம்மாவின் கொப்பியில் இருக்கின்றன. ஜனாஸாச் செய்தி என்றால் முதலில் அந்தக் கொப்பியைத்தான் எடுப்பார்கள். அடக்கத்தைத் தாமதிப்பதில்லை, வருபவர்கள் குறிகட்டுவானில் படகும் பிடிக்க வேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தால் ஒருவர் தன் உறவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமற் போகும். கொப்பியின் தாள்கள் கழலத் தொடங்கியதால் அதைக் கணினியில் ஏற்றினேன்.

இதற்குக் ‘கியூட்’ என்னும் மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்தினேன். பைதனில் அது ‘பைசைட்’, ‘பைகியூட்’ என்னும் பெயர்களில் கிடைக்கிறது. அதில் அட்டவணை இரண்டு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. தரவை வைத்திருப்பது மாதிரி, அதாவது மொடல். திரையில் வரைவது காட்சி, அதாவது வியூ. இவ்வாறு பிரிக்கும் எண்ணத்தை 1979இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய நோர்வே நாட்டவர் டிரிக்வே ரீன்ஸ்கோக் முன்வைத்தார்.

காட்சியிடம் சொந்தமாக எந்தத் தரவும் இல்லை. அது மாதிரியிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். “எத்தனை நிரைகள்? எத்தனை நிரல்கள்? மூன்றாம் நிரையில் இரண்டாம் நிரலில் என்ன எழுதட்டும்?” ஒவ்வொரு கேள்வியோடும் எதற்காகக் கேட்கிறது என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணையும் அனுப்பும். அந்த எண்ணுக்கு ‘ரோல்’ என்று பெயர். திரையில் காட்டுவதற்கான ‘டிஸ்ப்ளே ரோல்’ 0. திருத்துவதற்கான ‘எடிட் ரோல்’ 2. 256இலிருந்து தொடங்கும் ‘யூசர் ரோல்’ செய்நிரல் எழுதும் நம்முடைய தேவைக்கானது. ஆகவே ஒரே கட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையும், அதன் பின்னால் வேறொரு பெறுமதியையும் வைக்கலாம்.

இதன் பயனை மூன்று நிரல்களில் பார்க்கலாம்.

முதலாவது, தொலைபேசி இலக்கம். 021 என்று தொடங்கும் யாழ்ப்பாண இலக்கத்தை எண்ணாக மாற்றினால் பைதன் முன்னிற்கும் பூச்சியத்தை விட்டுவிடும். அழைப்புப் போகாது. கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத இலக்கத்தை எழுத்துச் சரமாகவே சேமிக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழையதில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு; புதியதில் 12 இலக்கங்கள். வாசிக்க இலகுவாக இடைவெளி விட்டுக் காட்டுவது டிஸ்ப்ளே ரோலின் வேலை.

இரண்டாவது, பெயர். ஒரே பெயரைச் சிலர் ‘பாத்திமா’ என்றும் சிலர் ‘ஃபாத்திமா’ என்றும் எழுதுகிறார்கள். யூனிகோட் வரிசையில் ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. ஆகவே ‘ஃபாத்திமா’ பட்டியலின் உச்சிக்குப் போய்விடுவார். ‘பாத்திமா’ பகர வரிசையில் இருப்பார். அவசரத்தில் தேடுபவர் ஒருவரைக் காணாமலே விட்டுவிடலாம். அவரவர் எழுதும் விதத்திலேயே பெயரைக் காட்டி, யூசர் ரோலில் மட்டும் இருவருக்கும் ‘பாத்திமா’ என்று வைத்தேன். வரிசைப்படுத்தும்போது யூசர் ரோலைப் பார்க்கும்படி மாதிரிக்குச் சொன்னால் இருவரும் அடுத்தடுத்து வருவார்கள். யாருடைய பெயரையும் மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, பிறந்த திகதி. 12.03.1958 என்பதையும் 02.11.1990 என்பதையும் எழுத்தாக ஒப்பிட்டால் கணினி நாளையே முதலில் பார்க்கும். 1990இல் பிறந்தவர் மூத்தவராகிவிடுவார். பின்னால் 1958-03-12 என்று ஆண்டு, மாதம், நாள் ஒழுங்கில் வைத்தால் வரிசை சரியாகும். திரையில் நாம் பழகிய ஒழுங்கே தெரியும்.

ஒரு மாதிரியை இரண்டு காட்சிகளில் இணைக்கவும் முடியும். ஒன்றில் எல்லோரும், மற்றதில் புத்தளத்தில் இருப்பவர்கள் மட்டும். உம்மா ஓர் இலக்கத்தை ஓரிடத்தில் திருத்தினால் மற்றதிலும் அது மாறிவிடும். கொப்பியில் ஒருவரே இரண்டு பக்கங்களில் இரண்டு இலக்கங்களோடு இருந்தார். இனி அதற்கு இடமில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. மாதிரி கணினியின் நினைவகத்தில்தான் இருக்கிறது. செய்நிரலை மூடினால் அழிந்துவிடும். பைதனுடனேயே வரும் ‘எஸ்கியூலைட்’ தரவுத்தளத்தில் எழுதிவைத்தால்தான் மறுநாளும் இருக்கும். அடுத்தது, ஒரு நிரலை மறைப்பது அதை அழிப்பதாகாது. அடையாள அட்டை இலக்கங்களைத் திரையில் மறைத்துவிட்டுக் கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால், அந்த இலக்கங்களும் கூடவே போகும். பிறருக்குக் கொடுக்கும் பிரதியில் தேவையானவை மட்டுமே இருக்க வேண்டும். இந்த எண்ணத்தில்தான் உம்மம்மாவிடம் கேட்டு, அடையாள அட்டை நிரலையே எங்கள் அட்டவணையிலிருந்து நீக்கினேன்.

உங்கள் வீடுகளிலும் கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, உறவினர் விபரம் என்று ஏதாவது ஒரு கொப்பி இருக்கும். செய்நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன், அதை எழுதியவரின் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு நிரலைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது உண்மையில் எண்ணா, சொல்லா? இதை எந்த ஒழுங்கில் தேடுவீர்கள்? இதை யார் பார்க்கலாம்? விடைகள் கிடைத்துவிட்டால் பைதனில் எழுதுவது எஞ்சியுள்ள சிறிய வேலைதான்.